புள்ளி இழந்த பெயர்

கடல் கடந்து பிழைக்கச் செல்பவன் கையில் எடுத்துச் செல்வது ஒரு சிறு பெட்டி. நாவில் எடுத்துச் செல்வதோ பிறந்த மண்ணின் சுவை. சென்ற நூற்றாண்டுக்கும் முன்பு அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்களுக்கு அந்தச் சுவையை மீட்டுத் தந்தவர்களுள் தலைசிறந்தவர், நியூயார்க்கின் அகஸ்ட் லூஷோ.

1856ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்த லூஷோ, 1879இல் நியூயார்க் வந்து சேர்ந்தார். பதினான்காம் தெருவில் ஒரு ஜெர்மானியரின் பீர் விடுதியில் பரிமாறுபவராக வேலை கிடைத்தது. மூன்றே ஆண்டுகளில் அந்த விடுதி விலைக்கு வந்தது. ஆனால் கையில் பணமில்லை. எதிர்ப்புறம் இசையரங்கம் நடத்திவந்த பியானோ உற்பத்தியாளர் வில்லியம் ஸ்டைன்வே 1,500 டாலர் கடன் கொடுத்தார். அவரும் சிறுவயதில் ஜெர்மனியிலிருந்து வந்தவரே. 1882இல் பணியாள் முதலாளியானார்.

இசையரங்கில் வாசித்து முடித்த கலைஞர்கள் தெருவைக் கடந்தால் லூஷோவின் மேசை. பவேரியாவிலிருந்து வூர்ஸ்பர்க் பீரை வரவழைத்து ஊற்றினார். அந்த பீரைப் பற்றி 1902இல் பாட்டொன்றே பிறந்து நாடெங்கும் பரவியது. புளிக்கவைத்த முட்டைக்கோஸ், காடியில் ஊறவைத்துச் சமைத்த மாட்டிறைச்சி, கருப்பு ரொட்டி ஆகியவை அங்கே பெயர்பெற்றவை. கூட்டம் பெருகப் பெருகக் கூடங்களும் பெருகி, கட்டடம் பதின்மூன்றாம் தெரு வரை நீண்டது. பாட்டாசிரியர்களின் உரிமை காக்கும் சங்கம் 1914இல் உருவாவதற்கு முன்னோடியான கூட்டம், இசைமேதை விக்டர் ஹெர்பர்ட் முன்னிற்க, 1913இல் இவ்வுணவகத்தில்தான் நடந்தது.

இத்தகைய உணவகங்களின் பீங்கான் பாத்திரங்களைப் பற்றியும் இங்கே ஒரு சொல். வீட்டுப் பீங்கான் மெல்லியது. உணவகப் பீங்கானோ தடித்தது. நாள்தோறும் பலமுறை கழுவுவதையும் அடுக்குவதையும் அது தாங்கவேண்டும். மிகுந்த சூட்டில் சுட்டு இறுக்குவதால் அதன் உடல் எண்ணெயையும் நீரையும் உறிஞ்சாது. உணவகத்தின் பெயரை மெருகுக்கு அடியில் பதித்துவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் அழியாது. உணவகங்கள் மறைந்த பின்னும் அவற்றின் தட்டுகளைச் சிலர் தேடிச் சேர்ப்பதற்கு இதுவே காரணம்.

தட்டில் அழியாத பெயர் போரில் அழிந்தது. லூஷோ என்ற பெயரை ஜெர்மன் மொழியில் எழுதும்போது, ஓர் உயிரெழுத்தின் தலைமேல் இரு புள்ளிகள் இடவேண்டும். புள்ளி போனால் ஒலியே மாறும். மெய்யெழுத்தின் புள்ளியை விட்டுவிட்டால் சொல் என்னாகும் என்பதைத் தமிழ் படிக்கும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1917இல் அமெரிக்கா ஜெர்மனி மீது போர் தொடுத்தது. ஜெர்மன் என்ற சொல்லே பகையானது. புளித்த முட்டைக்கோசுக்கும் விடுதலைக் கோஸ் என்று பெயர் மாற்றினர். முப்பத்தைந்து ஆண்டுகள் நகருக்குச் சோறிட்ட மனிதரின் பெயர்ப்பலகையிலிருந்து அந்த இரு புள்ளிகளும் நீங்கின.

அடுத்து வந்தது மதுவிலக்கு. 1920இல் பீர் நின்றது. அது மீண்டும் வந்தது 1933இல். அதைக் காண லூஷோ இல்லை, 1923இலேயே மறைந்துவிட்டார். உறவினர் தொடர்ந்து நடத்தினார். 1950இல் உணவகத்தை வாங்கிய யான் மிட்செல், இழந்த புள்ளிகளைப் பெயருக்கு மீட்டுத் தந்தார். 1982இல் பதினான்காம் தெருவில் உணவகம் மூடப்பட்டது. 1995இல் கட்டடமும் இடிக்கப்பட்டது.

ஒரு நகரம் அந்நியனின் சமையலை எளிதில் ஏற்றுக்கொள்கிறது. அவன் பெயரை ஏற்கத்தான் தயங்குகிறது. பசிக்கு மொழி இல்லை. பகைக்கு மட்டும் ஏனோ இரண்டு புள்ளிகள்கூடக் கண்ணில் உறுத்துகின்றன. நம் வகுப்பறைகளிலும் விடுதியிலும் வெளியூரிலிருந்து வந்த நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயரைப் பிழையின்றி உச்சரிப்பதும் விருந்தோம்பலே என்பதை அகஸ்ட் லூஷோவின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.