வளைகோல் வேந்தர் தியான்சந்த்

உலக நாடுகள் ஒன்றுகூடி நடத்தும் விளையாட்டுப் போட்டிகள் சில நாட்களில் முடிந்துவிடுகின்றன. ஓடியவர்களும் குதித்தவர்களும் முதுமை எய்தி மறைந்துவிடுகின்றனர். ஆயினும் அவர்தம் ஆற்றலை நம் கண்முன் மீண்டும் கொண்டுவந்து நிறுத்தும் கருவி ஒன்று உண்டு. அதுவே விவரணப் படம். நடிகர்களும் கற்பனைக் கதையும் இல்லாமல், நடந்தவற்றைப் படம்பிடித்துத் தொகுத்துக் காட்டுவது அது. அத்தகைய படங்களுள் உலகப் புகழ்பெற்ற ஒன்றில் நம் ஆசிய வீரர் சிலர் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் தியான்சந்த். அப்பெருமகனாரின் வாழ்க்கையை மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் தோட்டத் தொழிலாளத் தோழர்களும் அறிந்து இன்புறுமாறு இங்கே சுருக்கமாகக் கூற விழைகின்றோம்.

தியான்சந்த் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அலகாபாத் நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தியான்சிங். தந்தையார் பட்டாளத்தில் பணியாற்றியவர். அடிக்கடி ஊர்மாற்றம் நேர்ந்தமையால் மகனின் படிப்பு ஆறு ஆண்டுகளோடு நின்றுபோயிற்று. பின்னர் அக்குடும்பம் ஜான்சி நகரில் நிலைகொண்டது. இளமையில் அவருக்கு மற்போரில்தான் விருப்பம் இருந்ததே தவிர, ஹாக்கி என்னும் வளைகோற் பந்தாட்டத்தில் நாட்டமே இருந்ததில்லை என்பது வியப்புக்குரியது.

1922ஆம் ஆண்டு சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்த பிறகே அவர் மட்டையை முறையாகக் கையில் எடுத்தார். பாலே திவாரி என்னும் படை அதிகாரி அவருக்கு ஆட்டத்தின் நுணுக்கங்களைக் கற்பித்தார். பகலெல்லாம் படைப்பணி. அது முடிந்தபின் இரவில் நிலவொளியில் பயிற்சி. நிலவுக்காகக் காத்திருந்து ஆடிய அவரைத் தோழர்கள் நிலவு எனப் பொருள்படும் ‘சந்த்’ என்னும் சொல்லால் அழைத்தனர் என்றும், அதுவே பெயரோடு ஒட்டிக்கொண்டது என்றும் கூறுவர். உழைத்துக் களைத்தபின் கிடைக்கும் சிறு பொழுதையும் வீணாக்காதவர்க்கே உயர்வு கிட்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

1926இல் இந்தியப் படைவீரர் குழு நியூசிலாந்துக்குச் சென்று 21 ஆட்டங்கள் ஆடியது. 18 வெற்றி, 2 சமநிலை, ஒரே ஒரு தோல்வி. ஊர் திரும்பிய தியான்சந்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போட்டியில் இந்தியா முதன்முறையாக ஹாக்கி ஆடியது. ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் போட்ட இந்தியர், எதிரணியினர் ஒரு கோலும் போட விடவில்லை. அவற்றுள் 14 கோல்கள் தியான்சந்த் போட்டவை. தங்கப் பதக்கம் இந்தியாவுக்கு வந்தது.

1932இல் போட்டி அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்தது. வீரர்கள் கொழும்பிலிருந்து கப்பலேறி, சிங்கப்பூர்க் கடல்வழியே கிழக்கு நோக்கிச் சென்று, பசிபிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்காவை அடைந்தனர். நம் சாங்கிக் கடற்கரையில் நின்று, தொலைவில் செல்லும் கப்பல்களைக் காணும் சிறுவர் சிறுமியர் இதனை நினைவிற் கொள்ளலாம். ஏறத்தாழ நம் வாசல் வழியாகவே அவ்வீரர்கள் சென்றிருக்கின்றனர். அங்கே ஜப்பானை 11-1 என்றும், அமெரிக்காவை 24-1 என்றும் இந்தியா வென்றது. அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் தியான்சந்த் 8 கோல்களும், அவருடைய இளவல் ரூப்சிங் 10 கோல்களும் போட்டனர்.

இனி, 1936ஆம் ஆண்டு பெர்லின் போட்டிக்கு வருவோம். அப்போது ஜெர்மனியை ஆண்டவன் ஹிட்லர். தன் இனமே உலகில் உயர்ந்த இனம் என்று கொக்கரித்த அவன், இப்போட்டியைத் தன் ஆட்சியின் பெருமையைப் பறைசாற்றும் விழாவாக்க எண்ணினான். அதனைப் படமாக்கும் பொறுப்பு லெனி ரீஃபன்ஸ்தால் என்னும் பெண்மணியிடம் ஒப்படைக்கப்பட்டது. வேண்டிய பணத்தை ஜெர்மானிய அரசு மறைமுகமாக வழங்கியது. மைதானத்தில் குழிகள் தோண்டி, அவற்றினுள் ஒளிப்பதிவாளர்கள் அமர்ந்து, குதிப்போரை வானத்தின் பின்னணியில் படம்பிடித்தனர். நீச்சற் குளத்தில் நீருக்கடியிலும் படக்கருவி இயங்கியது. ஏறத்தாழ நான்கு லட்சம் மீட்டர் படச்சுருள் செலவாயிற்று. அதனை வெட்டியும் ஒட்டியும் தொகுத்து முடிக்க ஒன்றரை ஆண்டுக்கு மேலாயிற்று. ‘ஒலிம்பியா’ என்னும் பெயரில், இரண்டு பாகங்களாக, 1938ஆம் ஆண்டு ஏப்ரலில் அப்படம் வெளிவந்தது.

அப்போட்டியில் இந்திய அணிக்குத் தலைவர் தியான்சந்த். தொடக்கமோ நன்றாக இல்லை. போட்டிக்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி இந்தியாவை 4-1 என்று தோற்கடித்தது. அத்தோல்வி தலைவரின் உறக்கத்தைக் கெடுத்தது. குறையை உணர்ந்து, தாரா என்னும் வீரரை இந்தியாவிலிருந்து விரைந்து வரவழைத்தனர். பின்னர் ஹங்கேரி, அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ் ஆகிய நான்கு நாடுகளையும் வென்று இறுதியாட்டத்தை எட்டினர். எதிர்த்து நின்றதோ அதே ஜெர்மனி!

மழையின் காரணமாக ஒருநாள் தள்ளிப்போன இறுதியாட்டம், ஆகஸ்டு 15ஆம் நாள் நடைபெற்றது. அக்காலத்தில் இந்தியா அடிமை நாடு. அதற்கெனச் சொந்தக் கொடி கிடையாது. ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில், குழுவுடன் சென்றிருந்த பங்கஜ் குப்தா காங்கிரஸ் மூவண்ணக் கொடியை எடுத்துக் காட்ட, வீரர்கள் அனைவரும் அதற்கு வணக்கம் செலுத்திவிட்டுக் களம் புகுந்தனர். இந்துவும் முஸ்லிமும் சீக்கியரும் ஆங்கிலோ இந்தியரும் கலந்திருந்த அணி அது.

முற்பாதியில் ஒரே ஒரு கோல்தான் விழுந்தது. ஈரத் தரையில் கால் வழுக்கியது. இடைவேளைக்குப் பின் தியான்சந்த் தம் ஆணிக் காலணிகளையும் காலுறைகளையும் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார். அதன்பின் ஏழு கோல்கள்! 8-1 என்ற கணக்கில் இந்தியா வென்றது. ஐந்து ஆட்டங்களில் இந்தியர் போட்டவை 38 கோல்கள். வாங்கியது அந்த ஒரே கோல். சரியாகப் பதினோர் ஆண்டுகள் கழித்து, அதே ஆகஸ்டு 15இல் இந்தியா விடுதலை பெற்றது.

தியான்சந்தின் ஆட்டத்தைக் கண்டு மயங்கிய ஹிட்லர், தன் படையில் உயர்பதவி தருவதாக அழைத்தான் என்றொரு கதை பலராலும் சொல்லப்படுகிறது. அதற்குத் தக்க ஆதாரம் கிடையாது. அக்கதை இல்லாமலே தியான்சந்தின் பெருமை நிற்கும். ஏனெனில் அதற்குச் சாட்சியாகப் படம் இருக்கிறது. ‘ஒலிம்பியா’வின் இரண்டாம் பாகத்தில் ஹாக்கிக்குக் கிடைத்த இடம் சிறிதுதான். ஆனால் அச்சிறு பகுதியில் ஓடுபவர்கள் இந்தியர். முதற் பாகத்திலோ, நான்கு தங்கப் பதக்கம் வென்ற அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் பறந்து செல்கிறார். எந்த ஆணவத்தைப் போற்ற அப்படம் எடுக்கப்பட்டதோ, அந்த ஆணவம் பொய் என்பதற்கு அப்படமே சான்றாகிவிட்டது! ஒரு படத்தைக் காணும்போது, அதனை எடுத்தவர் யார், எதற்காக எடுத்தார் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

போர் மூண்டதால் 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. தியான்சந்தின் நல்ல ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. 1952இல் அவருடைய தன்வரலாறு சென்னையில் நூலாக வெளிவந்தது. 1956இல் மேஜர் பதவியோடு ஓய்வு பெற்றார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் பெற்றார். அதே 1956இல், மெல்போர்ன் ஒலிம்பிக் போட்டியில் நம் சிங்கப்பூர் ஹாக்கி அணி இந்தியாவை எதிர்த்து ஆடியது. இந்தியா 6-0 என்று வென்றது. எனினும் அதே பிரிவில் ஆப்கானிஸ்தான் 14 கோல்களும் அமெரிக்கா 16 கோல்களும் வாங்கியதை நோக்க, நம்மவர் தடுத்தாடிய திறம் விளங்கும்.

1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றிக் கோலைப் போட்டவர் தியான்சந்தின் மகன் அசோக்குமார். மகனின் வெற்றியைக் கண்ட தந்தையின் இறுதி ஆண்டுகளோ பணமுடையில் கழிந்தன. 1979ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் டில்லி மருத்துவமனையில் அவர் மறைந்தார். ஜான்சியில், அவர் ஆடிய மைதானத்திலேயே அவருடலுக்கு எரியூட்டினர். இன்று அவர் பிறந்த நாள் இந்தியாவில் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருது 2021 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வாழும்போது செய்ய வேண்டிய சிறப்பை மறைந்தபின் செய்வது உலக வழக்காகிவிட்டது. நம்மிடையே உள்ள பழைய வீரர்களையேனும் நாம் இருக்கும்போதே மதிப்போமாக.

மாணவ மணிகளே! சிப்பாயாகத் தொடங்கிய ஒருவர், நிலவை விளக்காகக் கொண்டு பயின்று, உலகமே வியக்கும் நிலையை அடைந்தார். வெற்றி பெற்றபோது செருக்கடையவில்லை. தோற்றபோது சோர்ந்து அமரவில்லை. உங்களையும் ஒருநாள் உலகம் படம்பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். பார்ப்பவர் எவரும் இல்லாத இரவிலும் அவர் பயிற்சியை நிறுத்தவில்லை என்பதை மட்டும் மறவாதீர்கள்.