கொல்லிமலைக்கு வந்த ஜெஸ்ஸி பிராண்ட்

நம் பங்கின் யூபிலி நாளில், இம்மலைக்காக உழைத்து மறைந்த பிற சபையாரையும் நன்றியுடன் நினைப்பது தகும். அவர்களுள் ஒருவர் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட்.

இவர் 1885-ல் இங்கிலாந்தில் பிறந்தார். கட்டடத் தொழில் கற்றார். வைத்தியமும் சிறிது பயின்றார். 1907-ல் கடல் கடந்து தமிழகம் வந்து, மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் பணியாற்றினார். மலேரியாவுக்கு அஞ்சி வெளியூரார் ஏறத் தயங்கிய மலை இது. 1913-ல் ஈவ்லின் அம்மையாரை மணந்து, அவருடன் மலையேறினார். வாழவந்தியில் தாமே கட்டிய மரவீட்டில் குடியேறினார்.

பல் பிடுங்கினார், நரம்புச் சிலந்தி எடுத்தார், புண்ணுக்கு மருந்திட்டார். நோயாளிகள் திரண்டு வந்தனர். ஆயினும் ஆண்டுகள் பல கடந்தும் ஒருவரும் அவர் சபையில் சேரவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்தார்.

1918-ல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மலையையும் தாக்கியது. பூசாரியும் மனைவியும் படுக்கையில் வீழ்ந்தனர். மற்றவர்கள் அஞ்சி விலகியபோது, பிராண்ட் தம்பதியரே அருகிருந்து கவனித்தனர். சாகுந்தறுவாயில் பூசாரி தம் பச்சிளம் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். ரூத் என்னும் பெயருடன் அது அவர்கள் வீட்டில் வளர்ந்தது.

1929 ஜூன் மாதம், கருநீர்க் காய்ச்சல் கண்டு, 44-ம் வயதில் பிராண்ட் மறைந்தார். அவர் உடல் இம்மலையிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அவர் மகன் டாக்டர் பால் பிராண்ட், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார்.

எதிர்த்தவர் வீட்டுக் கதவையும் திறந்தது வாதமல்ல, நோயுற்ற நேரத்தில் செய்த பணிவிடை. பலன் கண்ணுக்குத் தெரியாத ஆண்டுகளிலும் பணி ஓயாதிருக்க நாமும் கற்றுக்கொள்வோமாக.