கணிதப் பேராசான் ஆய்லர்

கணித சாஸ்திரத்தில் பெரும் புகழெய்திய லெயோன்ஹார்டு ஆய்லர் என்னும் பெரியார், 1707-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15-ஆம் தேதி ஸ்விட்ஸர்லாந்து தேசத்துப் பேஸல் நகரில் பிறந்தார். இவர் தந்தையார் கிறிஸ்துவ மதபோதகர். மைந்தரும் அப்பணியையே மேற்கொள்ளல் வேண்டுமென்பது அவரது விருப்பம். ஆயினும், இளைஞரின் புத்தி நுட்பத்தைக் கண்ட ஆசிரியர் யோஹன் பெர்நூலி எடுத்துரைக்கவே, தந்தையார் தம் எண்ணத்தை விடுத்து இசைந்தார்.

1727-ல் ஆய்லர் ருஷ்ய தேசத்துப் பீட்டர்ஸ்பர்க் நகரையடைந்து, ஆங்குள்ள வித்வத் சபையில் அமர்ந்தார். ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதொன்றால் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பர். 2, 3, 5, 7 என்பன போன்ற சிறியவற்றைச் சிறுவரும் அறிவர். பெரியனவற்றைத் துணிதலோ மிக அரிது. பெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் 4294967297 என்பதைப் பகா எண்ணென்றே கருதியிருந்தார். அது 641-ஆல் வகுபடுமென்று 1732-ல் ஆய்லர் காட்டினார். சான்றோர் கொள்கையாயினும் ஆராய்ந்தே கொள்ளத்தக்கதென்பது இதனாற் புலனாகும்.

1738-ஐ ஒட்டி இவரது வலக்கண் ஒளியிழந்தது. 1741 முதல் 25 ஆண்டுகள் பெர்லின் நகரிற் பணியாற்றி, 1766-ல் மீண்டும் பீட்டர்ஸ்பர்க் சேர்ந்தார். மற்றைக் கண்ணும் விரைவில் மங்கிற்று; சிகிச்சை செய்தும் பயன் நிலைக்கவில்லை. 1771-ல் அந்நகரில் எழுந்த பெருந்தீயில் இவர் இல்லமும் எரிந்தது. பேஸல் நகரத்தவரொருவர் தீயினுட் புகுந்து இவரைச் சுமந்துவந்து காத்தார்.

இத்துணை இடர்களுக்கிடையே, 1772-ல் வெளியான கடிதமொன்றில், 2147483647 ஒரு பகா எண் என்று ஆய்லர் தெரிவித்தார். 31 இரண்டுகளைத் தம்முட் பெருக்கி ஒன்று கழிக்க வருவது இவ்வெண். இது பகுபடுமாயின், இதன் மிகச்சிறிய பகாக் காரணி 46340-க்கு மேற்படாது. அவ்வெல்லைக்குட்பட்ட பகா எண்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை. ஆனால், 248-ஆல் வகுக்குங்கால் 1 அல்லது 63 மீதி தருவனவே இதனை வகுக்கக்கூடும் என்பது ஆய்லர் கண்ட வழி. அதனால் சோதிக்க வேண்டியவை நூற்றுக்கும் குறைந்தன. அவற்றுள் ஒன்றேனும் மீதியின்றி வகுக்கவில்லை. அறியப்பட்ட பகா எண்களுள் மிகப் பெரியதென இது பல்லாண்டு விளங்கிற்று.

பார்வையிழந்த பின்னும் மைந்தரும் மாணவரும் எழுத, இவர் சொல்லிவந்தார். இவருடைய நூல்களில் ஏறக்குறையப் பாதி அக்காலத்தனவே. 1783 செப்டம்பர் 18-ஆம் தேதி பீட்டர்ஸ்பர்க்கில் காலமானார்.

2024-ல் நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்களையுடைய பகா எண்ணொன்று யந்திரங்களின் உதவியால் கண்டறியப்பட்டது. ஆய்லருக்கோ யந்திரமுமில்லை, கண்ணுமில்லை; பயின்று பழகிய அறிவொன்றே துணையாயிற்று. நம் குலத்துப் பெற்றோரும் தம் மக்களின் நாட்டமறிந்து, அந்தத் தந்தையாரைப்போல் வழிவிடுவாராக.