மயிலாடி மகாராசன் தேடியது எதை?

கற்சிற்பங்களுக்குப் பெயர்போன மயிலாடிக்கு நாம் பலமுறை போய் வந்திருப்போம். அங்குள்ள சி.எஸ்.ஐ. ஆலயத்தின் பெயரில் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியரோடு நம்மவர் ஒருவரும் இருக்கிறார். அவர்தான் வேதமாணிக்கம். பெற்றோர் இட்ட பெயர் மகாராசன்.

அவர் பிறந்தது சாம்பவர் சமூகத்தில். அன்றைய திருவிதாங்கூரில் நம் மக்களுக்குக் கோயில் வாசலும் இல்லை, பொதுவழியும் இல்லை. கூலியில்லா ஊழியமும் வரிச்சுமையும்தான் இருந்தன. ஆனாலும் மகாராசனின் மனம் கடவுளைத் தேடியது. நந்தனாரைப் போலவே அவரும் சிதம்பரத்துக்குக் கால்நடையாகப் புறப்பட்டார். 18ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாய் அது. தேடிப்போன நிம்மதி அங்கே கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர்களிடம் தங்கினார். அங்கே மிஷனரி கோலாஃபின் போதனையைக் கேட்டார். உள்ளம் நிறைந்தது. ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

சோற்றுக்கும் சலுகைக்கும் மதம் மாறியவர்கள் என்று நம்மை ஏசுவோர் உண்டு. அவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். வேதமாணிக்கம் கிறிஸ்தவரான நாளில் மயிலாடியில் மிஷனரி இல்லை, பள்ளி இல்லை, ஆலயம் இல்லை. அவருக்குக் கொடுக்க யாரிடமும் எதுவும் இருக்கவில்லை.

பெற்ற நிறைவை அவர் தனக்கென்று வைத்துக்கொள்ளவும் இல்லை. ஊர் திரும்பிச் சொந்தபந்தங்களிடம் சொன்னார். தரங்கம்பாடிக்கு வந்திருந்த ரிங்கல்தௌபேயைத் தங்கள் ஊருக்கு அழைத்தார். 1806இல் அவர் மயிலாடி வந்தார். ஆலயம் கட்ட அரசின் அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. ஆங்கிலேய ரெசிடெண்ட் கர்னல் மெக்காலே தலையிட்ட பிறகே 1809இல் ஆலயம் எழுந்தது. பள்ளியும் தொடங்கியது. எழுத்து மறுக்கப்பட்ட பிள்ளைகள் ஏடு தொட்டார்கள்.

ஊழியத்திலிருந்தும் வரியிலிருந்தும் விடுதலை கிடைக்கும் என்று நம்பிச் சபைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். அதில் குற்றம் காண நாம் தயாரில்லை. முதுகில் சுமை அழுத்தும்போது அதை இறக்கிவைக்க இடம் தேடுவது மனித இயல்பு. ஆனால் அந்தச் சபை நிலைத்தது, எதையும் எதிர்பாராத ஒருவர் நடுவில் நின்றதால்தான்.

1816இல் ரிங்கல்தௌபே உடல்நலம் குன்றி ஊரைவிட்டுப் போனார். 1818இல் சார்லஸ் மீட் வந்து பொறுப்பேற்கும்வரை சபைகளைக் கட்டிக்காத்தவர் வேதமாணிக்கம். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவரின் கையில் ஒரு திருச்சபை இருந்தது. 1827இல் அவர் மறைந்தார்.

இன்றைய நிலை என்ன? 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, கிறிஸ்தவரான தலித்துகளுக்குப் பட்டியல் தகுதியை மறுக்கிறது. திருச்சபைக்குள்ளும் சாதி பார்த்துக் கல்லறையைப் பிரிக்கும் ஊர்கள் இருக்கின்றன. வெளியேயும் இழப்பு, உள்ளேயும் அவமதிப்பு. அப்படியிருந்தும் நம் மக்கள் இந்த நம்பிக்கையை விடாமல் பற்றியிருக்கிறார்கள் என்றால், அதைச் சலுகைக் கணக்கில் எழுத முடியாது.

வேதமாணிக்கத்தின் பெயரை ஆலயச் சுவரில் பொறித்தால் மட்டும் போதாது. அந்தச் சுவருக்குள் சாதிக்கு இடமில்லை என்று ஆக்குவதே அவருக்கு நாம் செலுத்தும் மரியாதை.