வீணைக்காரர் காட்டிய இருள்

எங்கள் மூணாற்று லயத்தில் சித்தம் கலங்கிய அக்கா ஒருவர் இருந்தார். அவர் வந்தால் வீட்டுக்கு வீடு கதவடைப்பார்கள், நானும் அடைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு ‘நடு இரவில்’ (1970) என்ற பழைய படத்தைப் பார்த்தேன். மனம் பேதலித்த மனைவியாகப் பண்டரிபாய் தோன்றியதும் அந்த அக்காவின் முகமே கண்முன் நின்றது.

அப்படத்தை இயக்கியவர் எஸ். பாலச்சந்தர். 1927-இல் பிறந்தவர். ‘சீதா கல்யாணம்’ (1934) படத்தில் சிறுவனாகக் கஞ்சிரா வாசித்தார். வீணையைக் குருவின்றித் தாமே கற்றார். 1982-இல் பத்மபூஷண் பெற்றார். இசையே மூச்சான இம்மனிதர் 1954-இல் ‘அந்த நாள்’ எடுத்தபோது அதில் ஒரு பாட்டுக்கூட வைக்கவில்லை! பாட்டில்லாத முதல் தமிழ்ப் படம் அது. ஒரே கொலையை ஒவ்வொருவர் மனமும் ஒவ்வொரு விதமாகக் காண்பதே கதை. நடுவே பாட்டு எதற்கு? அன்றைய ரசிகர்கள் ஏமாந்துதான் போனார்கள்.

அமெரிக்காவில் 1946-இலேயே ‘தி டார்க் மிரர்’ என்ற படம், இரட்டைச் சகோதரிகளுள் கொலையாளி யார் என்று மனநூல் வழியில் தேடியது. தமிழில் அவ்வகைப் படங்களுக்குத் துணிந்தவர் பாலச்சந்தர். ‘பொம்மை’யில் (1964) ஜேசுதாசைப் பாடவைத்தவரும் இவரே, இதை மலையாள நண்பர்களிடம் சொல்ல நான் மறப்பதில்லை. 1990-இல் அவர் மறைந்தார்.

விடுமுறையில் ஊர் சென்றபோது அக்காவின் கதவைத் தட்டினேன். பெயர் சொல்லி அழைத்து, கட்டன்காப்பி தந்தார்.