டவ் ஆற்றங்கரைக் கவிஞர் சார்லஸ் காட்டன்

இங்கிலாந்தின் டார்பிஷயர், ஸ்டாஃபோர்ட்ஷயர் என்னும் இரு மாவட்டங்களுக்கும் எல்லையாக ஓடுவது டவ் என்னும் சிற்றாறு. சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே வளைந்து நெளிந்து சென்று, இறுதியில் டிரென்ட் ஆற்றில் கலப்பது. இவ்வாற்றின் ஸ்டாஃபோர்ட்ஷயர்க் கரையில் அமைந்திருந்த பெரஸ்ஃபோர்டு மாளிகையில், 1630ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் பிறந்தவர் சார்லஸ் காட்டன். தூண்டில்காரர் உலகம் அவரை நன்கறியும். ஐசக் வால்டனின் புகழ்பெற்ற தூண்டில் நூலுக்கு இரண்டாம் பகுதி எழுதியவர் என்ற அளவில் அவர் பெயர் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அச்சில் நின்று வருகிறது. ஆயினும் அவர் முதலில் ஒரு கவிஞர். குளிர்காலத்தை அஞ்சியும் நேசித்தும் வாழ்ந்த கவிஞர். அந்தக் காட்டனை அறிந்தோர் சிலரே.

தந்தையார் பெயரும் சார்லஸ் காட்டன்தான். பென் ஜான்சன், ராபர்ட் ஹெரிக் முதலிய புலவர்களோடு நட்புப் பூண்டவர். வழக்குகளில் சிக்கிப் பொருளிழந்தவர். 1658இல் அவர் மறைந்தபோது மகனுக்குக் கிடைத்தவை நிலமும், நிலத்தின்மேல் ஏறியிருந்த கடனும். மகனும் சிக்கனம் அறிந்தவரல்லர். 1656இல் இசபெல்லா ஹட்சின்சனை மணந்து இல்லறம் தொடங்கியவர், கடன் தீர்ப்பதற்காக 1665இல் நிலத்தின் ஒரு பகுதியை விற்க நாடாளுமன்றத்தின் தனிச்சட்டம் பெற வேண்டியவரானார். அவரை ஊதாரி என்று ஒரு சொல்லில் முடித்துவிடும் வரலாற்றாசிரியர் உண்டு. பிறவியோடு வந்த கடனையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து.

வர்ஜிலின் காப்பியத்தை நகையாடி 1664இல் அவர் வெளியிட்ட அங்கதச் செய்யுள் பல பதிப்புகள் கண்டது. அவர் வாழ்நாளில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது அதுவே. இன்று அதைப் படிப்பது பொறுமைக்குச் சோதனை. நாம் ஆற்றங்கரைக்குச் செல்வோம்.

டவ் ஆற்றில் இரண்டு மீன்கள் சிறப்புடையன. ஒன்று டிரவுட். அதன் உறவினமான வானவில் டிரவுட்டை நம் நீலகிரியிலும் ஆங்கிலேயர் கொணர்ந்து வளர்த்தனர். மற்றொன்று கிரேலிங், முதுகில் பாய்மரம் போல் உயர்ந்த துடுப்புடையது. ஓமத்தை ஒத்த தைம் என்னும் மணச்செடியின் வாசனை அதன் உடலில் வீசும் என்பதனால் அறிவியலார் அதற்கு அச்செடியின் பெயரையே இட்டுள்ளனர். டிரவுட் இலையுதிர் காலத்தின் இறுதியில் முட்டையிட்டு, குளிர்காலத்தில் மெலிந்து கிடக்கும். கிரேலிங்கோ இளவேனிலில் முட்டையிடுவது. ஆகவே ஐப்பசி தொடங்கித் தை வரை அது கொழுத்து வலுவோடிருக்கும். இன்றும் அந்நாட்டில் குளிர்மாதங்களில் ஆற்று டிரவுட்டைப் பிடிக்கத் தடையுண்டு. கிரேலிங்கிற்கு அக்காலத்தில் தடையில்லை. ஏனைய தூண்டில்காரர் கோலைச் சுவரில் சார்த்திவிட்டு வேனிலுக்காகக் காத்திருக்கும் நாள்களில் கிரேலிங் பிடிப்பவர் மட்டும் உறைபனியை மிதித்துக்கொண்டு ஆற்றுக்குச் செல்வர். அவ்வழியைத் தெளிவாக எழுதிவைத்த முன்னோடி காட்டன். அது குளிர்கால மீன் என்பதை அவர் ஐயமின்றிக் கூறுகிறார். மாதந்தோறும் பயன்படும் பொய்ப்பூச்சிகளை அட்டவணைப்படுத்தும்போது, வேனிலிலிருந்து தொடங்காமல் சனவரியிலிருந்து தொடங்குகிறார். முன்பனியையும் பின்பனியையும் தனித்தனிப் பெரும்பொழுதாகப் பகுத்த மரபினர் நாம்; குளிருக்குள்ளும் வேறுபாடு காணும் இந்தக் கண் நமக்கு அயலானதன்று.

பொய்ப்பூச்சி என்றது, இறகும் மயிரும் பட்டிழையும் கொண்டு தூண்டில் முள்ளின்மீது கட்டப்படும் போலிப் பூச்சியை. அதைக் கட்டுவது பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்கும் வேலை. பனி பெய்து பாதை அடைபடும் நாள்களில் கணப்பருகே அமர்ந்து செய்தற்கு ஏற்றது. காட்டன் இதற்கென மயிர் திரட்டிய விதம் வியப்பூட்டும். கரடியின் மென்மயிர், பன்றியின் அடிமயிர், கருநாயின் வால்மயிர் என எதையும் அவர் விட்டாரில்லை. நிறத்தைக் கண்டறிய அவர் கற்பித்த முறை எளியது: மயிரைக் கையில் வைத்துப் பார்த்தால் போதாது, கதிரவனுக்கும் கண்ணுக்கும் இடையே உயர்த்திப் பிடிக்க வேண்டும், மேலோட்டமாகக் கறுத்துத் தோன்றுவது அப்போது செந்நிறமாக ஒளிரும். நீருக்கடியிலிருந்து வானை நோக்கும் மீன் அதை அப்படித்தானே காண்கிறது! தூண்டில் நூலோ குதிரை வால்மயிர் கொண்டு திரித்தது. முள்ளை ஒட்டிய பகுதியில் இரண்டே இரண்டு மயிர். அதைக் கொண்டு இருபது அங்குல டிரவுட்டைக் கரையேற்ற இயலாதவன் தூண்டில்காரன் என்னும் பெயருக்கு உரியவனல்லன் என்பது அவர் துணிபு.

வால்டனோடு அவருக்கு ஏற்பட்ட நட்பு தந்தையார் வழியாக வந்தது. வால்டன் 1593இல் பிறந்தவர். காட்டனைவிட 37 ஆண்டு மூத்தவர். இலண்டனில் துணி வணிகம் செய்தவர். காட்டன் அவரைத் தந்தை என்றே அழைத்தார். ஒரு குளிர்காலத்தில் வால்டனுக்கு அவர் எழுதியனுப்பிய கவிதை இன்றும் படிக்கத்தக்கது. ஊரில் காற்று ஊளையிடுகிறது, புயல் சுழல்கிறது. ஆயினும் மே மாதம் வரும், அப்போது இருவரும் ஆற்றங்கரையில் ஓரிரு நாள்களேனும் சேர்ந்திருப்போம் என்னும் நம்பிக்கையே அதன் பொருள். பருவம் முடிந்த தூண்டில்காரரின் உள்ளத்தை இதைவிட நேர்மையாகக் கூறிய செய்யுளை நான் கண்டதில்லை. மூத்தவரின் வயதை எண்ணும்போது அந்த நம்பிக்கைக்குள் ஓர் அச்சமும் ஒளிந்திருப்பது புலப்படும்.

1674ஆம் ஆண்டு அவர் வாழ்வில் குறிப்பிடத்தக்கது. கடன் நெருக்கியிருந்த நிலையிலும் ஆறு வளையும் இடத்தில் கல்லால் ஒரு சிறு மீன்பிடி மனை எழுப்பினார். அதன் வாயிலில் தம் பெயரின் முதலெழுத்தையும் வால்டன் பெயரின் முதலெழுத்தையும் பின்னிப் பொறித்தார். இரண்டாம் திருமணமும் 1675க்கு முன்னரே நடந்தது. ஆர்டுகிளாஸ் கோமாட்டியாகிய மேரிக்கு ஆண்டுக்கு 1500 பவுன் வருவாய் உண்டு. ஆனால் கணவர் தொட இயலாதபடி அது காப்பிடப்பட்டிருந்தது.

வால்டன் தம் நூலின் ஐந்தாம் பதிப்பை 1676இல் வெளியிட முனைந்தபோது, பொய்ப்பூச்சித் தூண்டிலைப் பற்றிய பகுதியைக் காட்டன் எழுதினார். வால்டனின் கைவன்மை பெரிதும் புழு முதலிய இரைகளிலேயே இருந்தது. இத்துறையில் மாணவரே ஆசிரியரை விஞ்சியவர். பத்து நாள்களுக்குச் சற்றே மிகுந்த காலத்தில் விரைந்தெழுதிய அப்பகுதி மார்ச்சுத் திங்களில் இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. வால்டனின் உரையாடல் வடிவை அவர் தம் பகுதியிலும் பின்பற்றினார். இலண்டனிலிருந்து வரும் வழிப்போக்கன் கட்டிய பூச்சியைக் கண்டு நகைக்கும் இடத்தில் மட்டும் காட்டனின் சொந்தக் குரல் உரக்கக் கேட்கிறது.

கடன்காரரிடமிருந்து தப்ப மாளிகையருகே உள்ள குகையொன்றில் அவர் ஒளிந்திருந்தார் என்பது வழிவழிச் செய்தி. ஒளிந்தும் பயனில்லை. 1681இல் பெரஸ்ஃபோர்டு விற்கப்பட்டது. தம் மலைநாட்டின் வியப்புகளைப் பாடிய அவருடைய நெடும்பாடல் அச்சேறியதும் அதே ஆண்டில்தான். 1683 டிசம்பரில் வால்டன் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

ஆறும் இல்லை, நண்பரும் இல்லை. எழுதுகோல் எஞ்சியது. பிரெஞ்சு அறிஞர் மான்டெய்னின் கட்டுரைகளை முழுமையாக ஆங்கிலத்தில் பெயர்த்து 1685இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். ஃபுளோரியோவின் 1603ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் ஆடம்பர நடையை விலக்கி, மூலத்துக்கு அணுக்கமாகச் சென்றது இது. பிற்காலத்தில் திருத்தங்களோடு மீண்டும் மீண்டும் பதிப்பிக்கப்பட்டு, நெடுங்காலம் வழக்கில் இருந்தது. மொழிபெயர்ப்பை இரண்டாந்தர உழைப்பாக எண்ணும் நம் கவிஞர்கள் இதைக் கருதிப் பார்த்தல் நலம்.

1687 பிப்ரவரியில், ஐம்பத்தாறாம் வயதில், இலண்டனில் காட்டன் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற உடைமையை நிருவகிக்கும் உரிமையை மனைவியும் மக்களும் வேண்டாமென்று துறந்தனர். அது முதன்மைக் கடனாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. கவிதைத் தொகுதி 1689இல்தான் வந்தது. அவர் கண்பார்த்துத் திருத்திய பதிப்பன்று அது. குளிர்காலத்தைப் படைதிரட்டி வரும் பகையாக உருவகித்த அவருடைய பாடலை வேர்ட்ஸ்வொர்த் 1815ஆம் ஆண்டு முன்னுரையில் போற்றினார். அவருடைய புத்தாண்டுப் பாடலைச் சார்லஸ் லாம் தம் கட்டுரையில் எடுத்தாண்டார். மாலைப்பொழுதைப் பாடிய நாலடிகளுள் சிலவற்றுக்குப் பெஞ்சமின் பிரிட்டன் 1943இல் இசையமைத்தார். பெரஸ்ஃபோர்டு மாளிகை பின்னாளில் இடிக்கப்பட்டது. பின்னிய முதலெழுத்துகளோடு மீன்பிடி மனை மட்டும் டவ் ஆற்றின் வளைவில் இன்றும் நிற்கிறது.