மயிலையில் மறைந்த மாதவர் தத்துவ போதகர்

இராஜா அண்ணாமலைபுரத்தில் வாழும் நமக்கு மயிலை மிக அண்மையில் உள்ள ஊர். மயிலை என்றதும் அப்போஸ்தலர் புனித தோமையாரின் கல்லறையே நம் நினைவுக்கு வரும். அதே மயிலையில் 1656-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள், கண்பார்வை மங்கிய 78 வயதுத் துறவி ஒருவர் இறைவனடி சேர்ந்தார் என்பதை நம்மில் பலர் அறியோம். அவரே தத்துவ போதகர் எனத் தமிழகம் போற்றும் இராபர்ட் தே நொபிலி சுவாமிகள்.

1577-இல் இத்தாலி நாட்டின் உயர்குடியில் பிறந்தவர் அவர். குடும்பத்தாரின் எதிர்ப்பையும் மீறி இயேசு சபையில் சேர்ந்து, 1605-ஆம் ஆண்டு மே மாதம் கோவா வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு மதுரை வந்தார். அங்கே முதிய போர்த்துக்கேயக் குரு ஒருவர் பத்து ஆண்டுகளுக்கு மேலாக உழைத்துக் கொண்டிருந்தார். ஆயினும் உள்ளூர் மக்களில் ஒருவர்கூட வேதத்தில் சேரவில்லை. கிறிஸ்துவின் வேதம் பரங்கியர் வேதம் என்றே மக்கள் எண்ணினர். பரங்கியரின் உடையும் உணவும் அவர்களுக்கு அருவருப்பாக இருந்தன.

இதைக் கண்ட நொபிலியாரின் உள்ளத்தில் ஒரு தெளிவு பிறந்தது. கிறிஸ்தவனாக மாறுகிறவன் தன் நாட்டையும் மொழியையும் விட்டுப் பரங்கியாக மாறத் தேவையில்லை என்பதே அது. அவர் காவி உடுத்தார், புலாலை நீக்கினார், தமிழையும் தெலுங்கையும் வடமொழியையும் கற்றுத் தேர்ந்தார். தமிழிலேயே ஞானோபதேச நூல்களை எழுதினார். மக்கள் அவரை நாடி வந்தனர்.

ஆனால் சோதனை வெளியிலிருந்து வரவில்லை. சொந்த வீட்டிலிருந்தே வந்தது. உடன் உழைத்த அந்த முதிய குருவே 1610-இல் மேலதிகாரிகளுக்கு முறையீடு அனுப்பினார். புதுக் கிறிஸ்தவர்கள் குடுமியும் பூணூலும் சந்தனமும் வைத்துக் கொள்வது தகுமா என்ற வழக்கு எழுந்தது. ஞானஸ்நானம் அளிப்பதற்கும் சிலகாலம் தடை வந்தது. 1619-இல் கோவாவில் கூடிய குருக்கள் அவையில் பெரும்பாலோர் அவரை எதிர்த்தனர்.

அவர் என்ன செய்தார்? தம் கருத்தே சரியென்று திருச்சபையை விட்டு விலகவில்லை. வம்பு வேண்டாமென்று தம் கருத்தைக் கைவிடவும் இல்லை. மேலதிகாரிகளுக்குக் கீழ்ப்படிந்தார், தம் நியாயத்தை விரிவாக எழுதி உரோமைக்கு அனுப்பினார், காத்திருந்தார். கிரந்தங்களில் ஆதாரம் தேடித் தந்து, அவ்வழக்கங்கள் குலத்தின் அடையாளங்களே, வழிபாடல்ல என்று விளக்கினார். பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தபின், 1623-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் பாப்பரசர் 15-ஆம் கிரகோரியார் அவர் முறையை அனுமதித்து ஆணை பிறப்பித்தார். எளிய குலத்தாரை, குறிப்பாகக் கோவிலில், இகழலாகாது என்றும் அதே ஆணை வற்புறுத்தியது. அந்தப் புத்திமதியை நம் தமிழகத் திருச்சபை முழுமையாகக் கடைப்பிடிக்கவில்லை என்பதை நாம் வருத்தத்தோடு ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும். நொபிலியார் சாதி வேற்றுமைக்கு இடமளித்தார் என்ற குறையும் உண்டு. புனிதமான நோக்கத்திற்கும் திருத்தம் தேவைப்படும் என்பதற்கு இது சான்று.

ஆணை கிடைத்ததும் அவர் ஓய்ந்து அமரவில்லை. திருச்சிராப்பள்ளி, சேலம் பகுதிகளில் நடந்தே மறைபரப்பினார். 1640-இல் மதுரையில் சிறைப்பட்டார். முதுமையில் மேலதிகாரிகள் மதுரையை விட்டு அனுப்பியபோதும் பணிந்து யாழ்ப்பாணம் சென்று, பின் மயிலை வந்து சேர்ந்தார். பார்வை குன்றிய அந்நாட்களிலும் நூற்பணியைத் தொடர்ந்தார்.

யூபிலி ஆண்டில் நம்மை நாமே கேட்டுக் கொள்வோம். பங்கிற்காக ஏதேனும் செய்ய வேண்டும் என்ற ஆவல் நம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் உண்டு. பங்குத் தந்தையோ பங்குப் பேரவையோ அதை உடனே ஏற்காதபோது, கோபித்துக் கொண்டு பூசைக்கு மட்டும் வந்து போகிறவர்களும் நம்மில் உண்டு. நொபிலியார் காட்டிய வழி வேறு. நம் நோக்கத்தைத் தெளிவாக எடுத்துரைப்போம், திருச்சபையோடு சேர்ந்து அதைச் சீர்தூக்குவோம், பொறுமையோடு காத்திருப்போம், காத்திருக்கும் நாளிலும் உழைப்போம். மயிலை மண்ணில் துயிலும் அம்மாதவரின் மனத்திடத்தை இறைவன் நமக்கும் அருள்வாராக!